பட்டறையில் முதலில் எதை வாங்குவது?

சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை போட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது டிரில்லிங் மெஷின். அடுத்தது ஆங்கிள் கிரைண்டர். இரண்டும் வந்த அன்றே எதையாவது துளைத்தும் வெட்டியும் பார்க்கலாம், உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் துளைக்க வேண்டிய இரும்புப் பட்டையை எதில் பிடித்து வைப்பது? எந்த இடத்தில் துளைப்பது என்று எதை வைத்துக் குறிப்பது? பட்டையைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு துளைப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிடிக்கக் கருவி இல்லாததால் வருகிற வினை அது.

என் வரிசை வேறு. முதலில் பிடிப்பது, அப்புறம் அளப்பது, அதன்பின் திருகுவது, வெட்டுவது, துளைப்பது. மின்சாரத்தில் ஓடுகிறவை கடைசி. வீட்டின் ஒரு மூலையில் மேஜை போட்டு, மரமும் இரும்புமாகச் சிறு வேலைகளும் பழுதுபார்ப்பும் செய்ய நினைக்கிற புதியவருக்காக இந்த வரிசை. தச்சையோ ஃபிட்டர் வேலையையோ தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இது போதாது.

மேஜை, வைஸ், கிளாம்ப்

மேஜை அழகாக இருக்க வேண்டியதில்லை, ஆடாமல் இருக்க வேண்டும். அரம் போடும்போது மேஜையும் சேர்ந்து ஆடினால் பாதி உழைப்பு மேஜைக்கே போய்விடும். கனமான மேஜை கிடைக்கவில்லை என்றால், இருப்பதைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டுவிடுங்கள்.

அதன்மேல், பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவே கவ்விப் பிடிக்கும் ஒரு பெஞ்ச் வைஸ். தாடை அகலம் 100 மி.மீ., அதாவது 4 அங்குலம் இருந்தால் வீட்டு வேலைகள் பெரும்பாலும் அடங்கிவிடும். மேஜையின் நடுவில் பொருத்தாதீர்கள். கால் இருக்கும் மூலைக்கு மேலே, நகராத தாடை மேஜை விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அளவு வெளியே நிற்கும்படி வையுங்கள். அப்போதுதான் நீளமான குழாயைச் செங்குத்தாகப் பிடித்தால் கீழே மேஜை இடிக்காது. உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: நேராக நின்று கையை மடக்கினால் முழங்கை இருக்கும் உயரத்தில் தாடையின் மேல்விளிம்பு வர வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் சிறிது நேரத்திலேயே முதுகு வலிக்கும், மேலே இருந்தால் அரத்தை மட்டமாகத் தள்ள முடியாது.

வைஸின் தாடையில் வெட்டுக் கோடுகள் இருக்கும். மிருதுவான பொருளை நேரடியாகக் கவ்வினால் அந்தக் கோடுகள் அப்படியே பதிந்துவிடும். இரண்டு அலுமினிய ஆங்கிள் துண்டுகளையோ மரச் சட்டங்களையோ தாடைக்கு உறை போல வைத்துக்கொண்டால் தீர்ந்தது. இறுக்கம் போதவில்லை என்று கைப்பிடியில் குழாய் செருகித் திருகுவது வேண்டாம். வைஸின் உடல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அது வளையாது, நேராக உடைந்துவிடும். அதன்மேல் எதையும் வைத்துச் சுத்தியலால் அடிக்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

கூடவே, பொருளை மேஜையோடு சேர்த்து இறுக்க இரண்டு சி கிளாம்ப். ஒன்று போதாது, ஒன்றை மட்டும் இறுக்கினால் அதையே மையமாக வைத்துப் பொருள் சுழலும்.

அளப்பதும் குறிப்பதும்

5 மீட்டர் டேப் ஒன்று. அதன் நுனிக் கொக்கி முன்னும் பின்னும் லேசாக ஆடும். ரிவெட் தளர்ந்துவிட்டது என்று நினைத்து அதைத் தட்டி இறுக்குகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் டேப் கெட்டுவிடும். கொக்கித் தகடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு அது ஆட வேண்டும். பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொக்கி வெளியே நகரும், அலமாரியின் உட்பக்கத்தில் முட்ட வைத்து அளக்கும்போது உள்ளே நகரும். தகட்டின் தடிமன் இரண்டு அளவிலும் கழிந்துபோவது இப்படித்தான்.

டேப்பின் தொடக்கத்தில் ரோமன் எண் இரண்டு அச்சாகியிருந்தால் அது இரண்டாம் வகுப்பு. 1 மீட்டரில் 0.5 மி.மீ., 5 மீட்டரில் 1.3 மி.மீ. வரை அதற்குப் பிழை அனுமதி உண்டு. ஒரு வேலையை ஒரு டேப்பில் தொடங்கினால் அதே டேப்பில் முடிப்பது நல்லது என்பதற்கு இதுவே போதும். இரண்டு டேப்கள் எதிரெதிர் திசையில் தவறினால் கதவு சட்டத்தில் உட்காராது.

சிறிய அளவுகளுக்கு 300 மி.மீ. ஸ்டீல் ஸ்கேல். செங்கோணத்துக்கு மூலைமட்டம். மூலைமட்டத்தை நம்பும் முன் சோதித்துப் பாருங்கள். நேர் விளிம்புள்ள பலகையில் அதை ஒட்டி வைத்து ஒரு கோடு போடுங்கள். பிறகு மட்டத்தை மறுபக்கம் புரட்டி, அதே புள்ளியில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விலகினால், தெரிகிற விலகல் உண்மையான பிழையைப் போல இரண்டு மடங்கு. ரசமட்டத்துக்கும் இப்படியே: ஓரிடத்தில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, முனைக்கு முனை திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி முதலில் நின்ற பக்கமே நின்றால் தரைதான் சாய்வு. மறுபக்கம் போனால் மட்டத்தில் கோளாறு.

பெரிய சட்டங்களுக்கு மூலைமட்டம் சின்னது. ஒரு பக்கத்தில் 60 செ.மீ., அடுத்த பக்கத்தில் 80 செ.மீ. குறித்துக்கொண்டு குறுக்கே அளங்கள். 100 செ.மீ. வந்தால் மூலை செங்கோணம்.

வெர்னியர் காலிப்பர் புதியவர்களுக்கு எதற்கு என்று கேட்பார்கள். கைக்கு வந்துவிட்டால் தினமும் எடுப்பீர்கள். எழுத்து அழிந்த டிரில் பிட் எத்தனை மில்லிமீட்டர், கிடைத்த போல்ட் எந்த அளவு, குழாயின் உள்விட்டம் என்ன, துளையின் ஆழம் என்ன, எல்லாவற்றையும் 150 மி.மீ. காலிப்பர் ஒன்றே சொல்லிவிடும்.

குறிப்பதற்கு, மரத்தில் கூர்மையான பென்சில், உலோகத்தில் ஸ்க்ரைபர் என்ற கூர்முனைக் கீறுகோல். மழுங்கிய பென்சில் கோட்டின் தடிமனே ஒரு மி.மீ. வரும், அப்புறம் எவ்வளவு கவனமாக அளந்தும் பயனில்லை.

திருகும் கருவிகள்

புதியவர் அதிகமாகக் கெடுப்பது ஸ்க்ரூவின் தலையைத்தான். காரணம் பெரும்பாலும் பலக்குறைவு இல்லை, பொருந்தாத முனை. கூட்டல் குறி போன்ற பள்ளமுள்ள ஸ்க்ரூக்களில் அதிகம் கண்ணில் படுவது பிலிப்ஸ் வகை. அதில் 2-ஆம் எண் முனை பெரும்பாலான வேலைக்கு, 1-ஆம் எண் சிறியவற்றுக்கு. அதே போலத் தோன்றும் போஸிடிரைவ் என்ற இன்னொரு வகையும் உண்டு. ஸ்க்ரூ தலையில் கூட்டல் குறியின் கைகளுக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் இருந்தால் அது போஸிடிரைவ். அதில் பிலிப்ஸ் முனையை வைத்து அழுத்தித் திருகினால் நழுவி, பள்ளத்தை வழித்துவிடும். சோதிக்க எளிய வழி: ஸ்க்ரூவை முனையில் மாட்டி டிரைவரைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். கீழே விழாமல் நின்றால் பொருத்தம் சரி. தட்டை முனையாக இருந்தால் அது பள்ளத்தின் அகலம் முழுவதையும் நிரப்ப வேண்டும்.

ஸ்பேனர் செட்டில் ஒரு முனை திறந்தும் மறுமுனை வளையமாகவும் இருக்கும் காம்பினேஷன் வகையே வாங்குங்கள். அதில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் அளவு இல்லை, நட்டின் எதிரெதிர் பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம். எம்6, அதாவது 6 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டுக்கு 10, எம்8-க்கு 13. எம்10-க்கு 17 அல்லது 16, எம்12-க்கு 19 அல்லது 18. பழைய ஜெர்மன் தரத்துக்கும் இன்றைய சர்வதேசத் தரத்துக்கும் இந்த இரண்டில் வித்தியாசம் உண்டு. செட் வாங்கும்போது இந்த எண்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். மொத்த எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டிவிட்டு 13 இல்லாத செட்டுகளும் வருகின்றன.

இறுகிய நட்டை முதலில் வளைய முனையால் அசைத்துவிட்டு, அப்புறம் திறந்த முனைக்குப் போங்கள். திறந்த முனை நேராக இல்லாமல் 15 டிகிரி சாய்ந்திருப்பது சும்மா இல்லை. கையை வீச இடமில்லாத இண்டு இடுக்கில் ஒரு முறை திருகிவிட்டு ஸ்பேனரைப் புரட்டிப் போட்டால் அடுத்த பிடி கிடைக்கும். ஒவ்வொரு முறையும் 30 டிகிரி நகர்த்தினால் போதும், நட் கழன்றுவிடும்.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று இருக்கட்டும், ஆனால் அதை முதல் கருவியாக எடுக்காதீர்கள். எடுத்தால் திருகும் விசை நகராத தாடையில் விழும்படி பிடியுங்கள். தலைகீழாகப் பிடித்தால் நகரும் தாடை விரிந்து நட்டின் மூலைகளை உருட்டிவிடும். எந்த ஸ்பேனரானாலும் முடிந்தவரை உங்கள் பக்கம் இழுங்கள். தள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். திடீரென்று நட் விட்டுக்கொடுத்தால் விரல் முட்டிகள் தப்பிக்கும்.

அறுகோணக் குழியுள்ள ஸ்க்ரூக்களைத் திருகும் ஆலன் கீ செட் மில்லிமீட்டரிலும் அங்குலத்திலும் தனித்தனியாக வரும். கலந்து போடாதீர்கள். 5 மி.மீ. குழிக்குள் 3/16 அங்குலக் கீ போகும், ஏனென்றால் அது 4.76 மி.மீ. தான். போகிறதே என்று திருகினால் குழியின் மூலைகள் வழிந்துவிடும், அதன்பின் சரியான கீயும் பிடிக்காது.

குறடு வகையில் 200 மி.மீ. கட்டிங் பிளேயர், ஒரு நோஸ் பிளேயர், கவ்வியபடியே பூட்டிக்கொள்ளும் ஒரு கிரிப் பிளேயர். நட்டைக் கழற்ற பிளேயரை எடுக்காதீர்கள். ஏற்கெனவே தலை உருண்டுபோன நட்டுக்கு மட்டும் கிரிப் பிளேயர்.

துருப்பிடித்து அசையாத நட் இருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் கழற்றும் திசையில் மட்டும் முக்காமல், முதலில் துளி இறுக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள். அந்தச் சிறு அசைவில் துரு உடைந்து வழிவிடும். இதற்குப் பலரும் எடுக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே 1953-ல் ஈரத்தை வெளியேற்றுவதற்காக உருவானது. தண்ணீரை அகற்றும் கலவை, 40-வது முயற்சி என்பதே அந்தப் பெயரின் விரிவு. துருவை இளக்கவும் பிசுக்கைத் துடைக்கவும் உதவும். ஆனால் கதவுக் கீல், செயின், பேரிங் போன்றவற்றுக்கு அதை அடித்துவிட்டு எண்ணெய் போட்டாயிற்று என்று விட்டுவிட வேண்டாம். அவற்றுக்கு முறையான எண்ணெயோ கிரீஸோ தனியாகப் போட வேண்டும்.

அடிப்பது, அறுப்பது, தேய்ப்பது

ஆணி பிடுங்கும் கொம்புள்ள சுத்தியல் ஒன்று, 450 கிராம் வாக்கில். சுத்தியலைத் தலைக்குப் பக்கத்தில் பிடிப்பது புதியவர்களின் வழக்கம். கைப்பிடியின் நுனிக்குப் போங்கள், சுத்தியலின் எடையே வேலையைச் செய்யும். ஒரு சுத்தியலின் முகத்தை இன்னொரு சுத்தியலால் அடிக்கவே கூடாது. இரண்டும் கடினப்படுத்திய எஃகு, சில்லு தெறிக்கும்.

ஹாக்ஸாவில் பிளேடின் பற்கள் முன்னோக்கிப் பார்க்க வேண்டும். பிளேடைத் தேர்ந்தெடுக்க ஒரே விதி: வெட்டுகிற பொருளின் தடிமனுக்குள் எப்போதும் மூன்று பற்களாவது இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடில் மூன்று பல் என்பது ஏறக்குறைய 3 மி.மீ. அதைவிட மெல்லிய குழாய்க்கும் தகட்டுக்கும் 32 பல் பிளேடு. மிக மெல்லிய தகடாக இருந்தால் இரண்டு மரப்பலகைக்கு நடுவில் வைத்து மூன்றையும் சேர்த்து அறுத்துவிடலாம். தள்ளும்போது அழுத்தம், இழுக்கும்போது சும்மா. பிளேடின் முழு நீளத்தையும் பயன்படுத்துங்கள். பாதி வெட்டில் பிளேடு உடைந்து புதியதை மாட்டினால், பழைய வெட்டுக்குள் அதை நுழைக்காதீர்கள். தேய்ந்த பிளேடு போட்ட வெட்டு குறுகலாக இருக்கும், புதியது அதில் சிக்கி அதுவும் உடையும். பொருளைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

மரம் அறுக்கும்போது ரம்பம் கோட்டின்மேல் போகக்கூடாது, கழிவுத் துண்டின் பக்கம் கோட்டை ஒட்டிப் போக வேண்டும். ரம்பத்தின் தடிமனும் மரத்தைத் தின்னும் அல்லவா?

அரம் வாங்க வேண்டுமென்றால் 250 மி.மீ. தட்டை அரமும் ஒரு அரைவட்ட அரமும் போதும். கைப்பிடி இல்லாத அரத்தைத் தொடாதீர்கள். அதன் வால்முனை கூரானது, அரம் எங்காவது முட்டி நின்றால் உள்ளங்கையில் ஏறிவிடும். அரமும் தள்ளும்போது மட்டுமே வெட்டும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் பல் மழுங்குவதைத் தவிர வேறு எதுவும் நடக்காது. அலுமினியம் தேய்க்கும்போது துகள் பற்களுக்குள் அடைத்துக்கொண்டு பரப்பைக் கீறும். தொடங்கும் முன் அரத்தில் சாக்பீஸ் தேய்த்துவிட்டால் அடைப்பு குறையும். அரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வைக்காதீர்கள், ஒன்றின் பல்லை ஒன்று தின்றுவிடும்.

உளி 12 மி.மீ., 25 மி.மீ. என இரண்டு. புது உளி தயாராக வருகிறது என்று நினைக்க வேண்டாம். சாய்வுப் பக்கத்தைச் சுமார் 25 டிகிரியிலும் நுனியை மட்டும் 30 டிகிரியிலும் கல்லில் தீட்ட வேண்டும். தட்டைப் பின்பக்கத்தின் நுனிப் பகுதியையும் பளபளப்பாகும்வரை கல்லில் மட்டமாகத் தேய்க்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மழுங்கிய உளிதான் ஆபத்து. பலம் கொடுத்துத் தள்ள வேண்டி வரும், தள்ளினால் நழுவும். இரண்டு கையும் எப்போதும் கூர்முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

துளை

இப்போது டிரில்லிங் மெஷின் வாங்கலாம். பிட்டைக் கவ்வும் சக் 13 மி.மீ., வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, முன்னும் பின்னும் சுழலும் வசதி. சுவரும் துளைக்க வேண்டியிருந்தால் ஹேமர் வசதியும். சுவருக்குக் கார்பைட் முனை பிட், உலோகத்துக்கு ஹெச்எஸ்எஸ், அதாவது ஹை ஸ்பீட் ஸ்டீல் பிட். மாற்றிப் போட்டால் இரண்டும் வீண்.

உலோகத்தில் துளையிடும் இடத்தைச் சென்டர் பஞ்சால் ஒரு தட்டுத் தட்டிக் குழியாக்குங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கி அலையும். அடுத்தது வேகம். சின்ன பிட் வேகமாக, பெரிய பிட் மெதுவாக. சாதாரண மைல்ட் ஸ்டீலில் ஹெச்எஸ்எஸ் பிட்டின் வெளிவிளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 25 மீட்டர் ஓடலாம் என்று வைத்துக்கொண்டால், 5 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 1,600 சுற்று, 10 மி.மீ. பிட்டுக்கு 800 வருகிறது. 10 மி.மீ. பிட்டை முழு வேகத்தில் ஓட்டி, துளை விழாமல் கீச்சென்று சத்தம் மட்டும் வருவது இதனால்தான். எஃகில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், வார்ப்பிரும்பில் வேண்டாம். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது. தூளாக வந்து புகைந்தால் பிட் மழுங்கிவிட்டது அல்லது வேகம் அதிகம்.

துளை மறுபக்கம் திறக்கும் கணத்தில் பிட் பொருளைக் கவ்விச் சுழற்றப் பார்க்கும். வைஸ் வாங்கச் சொன்னதன் முழு அர்த்தமும் அந்தக் கணத்தில் புரியும். கடைசியில் அழுத்தத்தைக் குறையுங்கள். சுழலும் பிட்டுக்குப் பக்கத்தில் துணிக் கையுறையோ தொளதொளச் சட்டைக் கையோ கூடாது. கையுறை பாதுகாப்பு என்று தோன்றும். பிட்டில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

துளைக்குள் மரை போட வேண்டுமென்றால், போல்ட்டின் விட்டத்திலிருந்து மரையின் இடைவெளியை, அதாவது அடுத்தடுத்த இரண்டு மரை வரிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கழித்தால் பிட் அளவு வந்துவிடும். எம்6-ன் மரை இடைவெளி 1 மி.மீ., ஆகவே 5 மி.மீ. பிட். எம்8-க்கு 1.25, ஆகவே 6.75, அதாவது சுமார் 6.8. மரை போடும் டேப்பை ஒரு சுற்று முன்னால் திருகினால் அரைச் சுற்று பின்னால் திருப்பிச் சீவலை உடையுங்கள். உடைந்த டேப்பைத் துளையிலிருந்து எடுப்பது போல எரிச்சலான வேலை பட்டறையில் வேறொன்று இல்லை.

ஆங்கிள் கிரைண்டர், கொஞ்சம் பொறுத்து

100 மி.மீ. டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடினால் அதன் விளிம்பின் வேகம் மணிக்கு 200 கி.மீ.-க்கும் மேல். அந்த வேகத்தில் டிஸ்க் உடைந்தால் துண்டு எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே முகக்கவசமும் கண்ணாடியும் வாங்கிவிட்டு கிரைண்டருக்குப் போங்கள். டிஸ்க்கின் பாதுகாப்பு உறையைக் கழற்றி ஓட்டுவதை எங்கும் பார்க்கலாம், பின்பற்றாதீர்கள். டிஸ்க்கில் அச்சிட்ட அதிகபட்சச் சுற்று, மெஷினின் சுற்றைவிடக் குறைவாக இருக்கக்கூடாது. வெட்டும் மெல்லிய டிஸ்க்கின் பக்கவாட்டை வைத்துத் தேய்க்கவும் கூடாது. சுவிட்சை அணைத்தாலும் டிஸ்க் சில விநாடிகள் ஓடும். முழுதாக நின்றபின் கீழே வையுங்கள். தீப்பொறி விழும் திசையில் பெயிண்ட், தின்னர், மரத்தூள் எதுவும் வேண்டாம்.

சில்லறைச் சாமான்கள்

80, 120, 220 எண் உப்புத்தாள். மரப் பசை, இரண்டு குழாயாக வரும் எப்பாக்ஸி. கேபிள் டை, இன்சுலேஷன் டேப், மாஸ்கிங் டேப். தெஃப்லான் டேப்பை மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் இணைப்பைத் திருகும்போது அது அவிழ்ந்துகொள்ளும். அதிர்வில் கழலும் நட்டுகளுக்கு நீல நிற மரைப்பசை. சிவப்பு கிட்டத்தட்ட நிரந்தரம், சூடு காட்டாமல் கழலாது.

மல்டிமீட்டர் ஒன்று கட்டாயம். மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்ய, முதலில் கரன்ட் இருக்கும் இடத்தில் மீட்டரைச் சோதியுங்கள், அப்புறம் வேலை செய்ய வேண்டிய இடத்தில், மறுபடி கரன்ட் இருக்கும் இடத்தில். மூன்றாவது சோதனையை ஏன் செய்ய வேண்டும் என்றால், நடுவில் மீட்டரே கெட்டுப்போயிருக்கலாம்.

விலை பற்றி ஒரு வார்த்தை. மூலைமட்டம், காலிப்பர், டிரைவர் முனைகள், ஹாக்ஸா பிளேடு, டிரில் பிட் ஆகியவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். சுத்தியல், கிளாம்ப், மேஜை போன்றவற்றில் மலிவானவையும் நன்றாகவே உழைக்கும். எப்போதாவது ஒருமுறை தேவைப்படும் கருவியை இரவல் வாங்குங்கள், இரவல் அடிக்கடி நேர்ந்தால் சொந்தமாக வாங்குங்கள்.

அடுக்கி வைக்க, சுவரில் ஒரு பிளைவுட் பலகை அடித்து ஆணிகளில் மாட்டி, ஒவ்வொரு கருவியைச் சுற்றியும் மார்க்கரால் கோடு வரைந்துவிடுங்கள். எது இடத்தில் இல்லை என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். எஃகுக் கருவிகளை மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து மாட்டினால் துரு அண்டாது. மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் பட்ட துணி விஷயத்தில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். அது காயும்போது வெப்பத்தை வெளியிடும், சுருட்டிப் போட்டால் வெப்பம் உள்ளேயே தேங்கித் தானாகத் தீப்பற்றக்கூடும். வேலை முடிந்ததும் அந்தத் துணியை வெளியே ஒற்றை மடிப்பாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் போட்டு மூடுங்கள்.